கல்லச்சும் கணினியும்

உமறுப்புலவரின் சீறாப்புராணம் அச்சேறியது 1842ஆம் ஆண்டில். செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கிப் பதிப்பித்த அருஞ்செயல் அது. இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்ததே 1835இல்தான். ஏழே ஆண்டுகளில் நம் முன்னோர் புதிய கருவியைக் கைக்கொண்டு விட்டனர் என்றால், அவர்தம் விரைவை என்னென்பது!

அதனினும் நுட்பமானது அரபுத்தமிழின் வரலாறு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளைக் குறிக்க, அரபு எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை அமைத்தனர் நம் ஆலிம்கள். இவ்வடிவங்களுக்கென வார்ப்பெழுத்துகளைத் தேடி அலைய வேண்டிய தேவையைக் கல்லச்சு நீக்கிற்று. கையால் எழுதியது எழுதியவாறே தாளில் பதிந்தது. மார்க்கச் சட்டங்களும் நபிமார் வரலாறுகளும் பெண்மக்கள் வீட்டிலிருந்தே ஓதும் நூல்களாயின. பள்ளிக்கூட வாயிலை மிதித்தறியாத நம் பாட்டிமார் பலர் கற்றவர்களாய் விளங்கியது இவ்வாறுதான்.

கணினியின் கதை அண்மையது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ் விசைப்பலகை ஒழுங்குபட்டது. மணலி நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்த 2011ஆம் ஆண்டிலேயே, மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டமும் தமிழகத்தில் தொடங்கிற்று. ஆயின் 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் அருகே வாழும் உழைப்பாளர் இல்லங்களில் இடர்ப்பாடு வேறாயிருந்தது. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால், பிள்ளையின் வகுப்பும் உடன் சென்றுவிடும்!

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. கேட்டதற்கெல்லாம் சரளமாக விடை பகரும் இவ்வகைப் பொறிகள், கணினியில் எழுத்தாக ஏறிய நூல்களைக் கொண்டே பழகியவை. கல்லச்சு நூலை நிழற்படமாக்கி ஏற்றிவிட்டால் மட்டும் அது எழுத்தாகி விடுவதில்லை, படமாகவே கிடக்கும். ஆகவே மணலிச் சிறுமி ஒருத்தி தன் கொள்ளுப்பாட்டி ஓதிய நூலைப் பற்றி வினவினால், பிற நாட்டார் நூல்களிலிருந்தே விடை வரக்கூடும். சில வேளைகளில் இல்லாத நூலொன்றையும் அப்பொறி சான்றாகக் காட்டிவிடும். ஹதீஸ் கலையில் "யாரிடம் கேட்டாய்?" என்பதன்றோ முதல் வினா? ஸனது இல்லாச் சொல்லை நம் உஸ்தாதுமார் ஏற்றதில்லை.

அரபுத்தமிழ் படிக்கவல்ல முதியோர் அருகி வருகின்றனர். விரைந்து தட்டச்சு செய்யும் பேரப்பிள்ளைகளோ வீடுதோறும் உள்ளனர். ஒருவர் படிக்க மற்றவர் பதிய, சிறு நூல் ஒன்றுக்குச் சில மாதங்கள் போதும்.