கணவன் கடனும் மனைவி கையெழுத்தும்

கணவன் நடத்தும் தொழில் நொடித்துப்போனால் கடன்காரர் மனைவியின் நகையில் கைவைக்கலாமா? பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், 1880இல் கொம்யூன்களாக (உள்ளாட்சிப் பகுதிகளாக) அமைந்த வில்லியனூரிலும் பாகூரிலும் இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு வேறு விடை இருந்தது. பிரெஞ்சுச் சட்டங்களைப் புதுச்சேரியில் நடைமுறைப்படுத்திய 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை, இந்தியர்களின் குடும்ப விவகாரங்களை அவரவர் வழக்கத்துக்கே விட்டுவைத்தது. அந்த வழக்கப்படி இந்து மனைவியின் சீதனம் அவளுக்கே உரியது. பஞ்சம், நோய் போன்ற இக்கட்டில் கணவன் எடுத்தாளலாம். அவனுடைய கடன்காரர் தொட முடியாது. தகப்பன் கடன் மகன் தலையில் விழும், மனைவி தலையில் விழாது. ஆகவே அவளைக் கடனோடு கட்டியது தாலி அல்ல, யாரோ எங்கோ போட்ட கையெழுத்து என்றே சொல்வேன்.

அத்தகைய கையெழுத்துகளுள் முதலாவது கணவனுடையது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை, சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர வழி திறந்தது. அப்படித் துறந்தவர்கள் ரெனோன்சான்கள். 'லாப்போர்த்' என்று பெயர் சூட்டிக்கொண்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னின்ற அந்த இயக்கத்தில் கிறிஸ்தவர்களும் தலித்துகளும் பெருமளவில் சேர்ந்தார்கள். சாதி இழிவிலிருந்து விடுபட அது அவர்களுக்கு நியாயமான வழி. ஆனால் குடும்பத்தலைவன் துறந்தால் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அதே சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். அச்சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் எழுதாமல் மணந்தவர்களுக்குச் சொத்து பொதுவானது: மனைவி கொண்டுவந்த நகை, பணம் முதலிய அசையும் பொருள்கள் பொதுச்சொத்தில் சேரும், நிர்வாகம் கணவனுடையது, அவன் கடனுக்கு அது பிடிபடும். பத்திரம் பதியும் நோட்டேரிடம் போய்த் திருமண ஒப்பந்தம் எழுதினால் தப்பலாம். கூலி வேலை செய்யும் குடும்பம் எங்கே போய் எழுதும்?

பிரெஞ்சுச் சட்டம் மனைவியைக் கைவிடவில்லை என்று மறுக்கலாம். உண்மைதான். மண உறவு முடியும்போது பொதுச்சொத்தையே துறந்து அதன் கடன்களிலிருந்து அவள் விலகலாம். கணவன் நிலத்தின்மீது அவளுக்கு முன்னுரிமைப் பிணையும் உண்டு. மறுபுறம், கணவன் சம்மதத்தோடு அவள் தனி வியாபாரம் நடத்தினால், பொதுச்சொத்து இருக்கும் வரை அவள் கடன் அவனையும் பிடிக்கும். (அவன் கடையில் உட்கார்ந்து சரக்கு விற்றுக்கொடுப்பவள் வியாபாரி அல்ல என்றும் சட்டம் கறாராகச் சொன்னது.) ஆனால் இந்தப் பாதுகாப்புகளைத் தாண்டக் கடன் கொடுப்பவருக்கு ஒரே உபாயம் போதும்: பத்திரத்தில் அவளையும் கையெழுத்திடச் செய்வது. அவளே ஏற்ற கடனை எந்தத் துறப்பும் அழிக்காது. பிரான்சிலேயே கடன் கொடுப்போர் கைக்கொண்ட வழி இது.

விவசாயக் கிராமத்தில் கம்பெனிக் கடனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் வில்லியனூர்ப் பகுதியில் உள்ள இன்றைய சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையைப் பார்க்கலாம். பழைய சட்டப் பிளவும் அங்கே மறையவில்லை. 1963 அக்டோபர் 1 முதல் இந்துச் சட்டங்கள் புதுச்சேரிக்கு வந்தன. ரெனோன்சான்களுக்கு அவை பொருந்தாது. பிரான்ஸ் 1965இல் தம்பதியர் சொத்துச் சட்டத்தைத் திருத்தியது. 1962 ஆகஸ்ட் 16 அன்றே புதுச்சேரியின் ஆட்சியுரிமை இந்தியாவுக்குக் கைமாறிவிட்டதால் அது இங்கே வரவில்லை. ஆக, அக்கம்பக்கத்து வீடுகளில் இன்னும் இரண்டு சட்டங்கள். ஆனால் கையெழுத்து இரு வீடுகளையும் ஒன்றாகவே பிடிக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கடன் பங்குதாரரின் வீட்டுக்குள் நுழையாது என்பது ஏட்டில் உள்ள விதி. வங்கியோ மனைவியிடம் ஜாமீன் கையெழுத்து கேட்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கம்பெனியிடம் வசூலித்து முடிக்கும் வரை காத்திராமல், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலொழிய, வங்கி நேரே அவளிடம் வரலாம்.