நூலரங்கேற்றமும் அவையத்தார் கடமையும்

ஆசிரியன் ஒருவன் ஏட்டில் எழுதி முடித்த அளவானே அவ்வெழுத்து நூலென வழங்கப்படுதல் பண்டைத் தமிழ்நாட்டில் வழக்கன்று. கற்றோர் கூடிய அவையில் அது படிக்கப்பெற்று, வினாவப்பட்டு, விடை கூறப்பட்டு, குற்றமற்றதென்று ஏற்கப்பட்ட பின்னரே நூல் என்னும் பெயர்க்கு உரியதாயிற்று. இவ்வேற்பே அரங்கேற்றம் எனப்படும். ஆக்கியோனும் கேட்போனும் ஓரிடத்தே எதிரெதிரிருந்து ஒரு நூலை உருவாக்கிய இம்மரபின் வரலாறு, நம் சைவ நூல்களின் வரலாற்றோடு பிரிவறக் கலந்துள்ளது.

சிறப்புப் பாயிரத்துள் உரைக்கப்படுவனவாக நன்னூலார் வகுத்தவற்றை நோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டனைக் கூறி, காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் உடன்கூட்டிப் பதினொன்றென்பாரும் உளர் என்றார் அவர். இவற்றுள் களம் என்றது நூல் அரங்கேறிய அவையை. ஆக்கியோன் பெயரைச் சொல்லும் பாயிரம் கேட்போரையும் களத்தையும் உடன் சொல்லுதல் வேண்டுமென வைத்தமையான், கேட்போர் நூலுக்குப் புறம்பானவரல்லர், நூலின் உறுப்பாவார் என்பது பெறப்படும்.

தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் இதற்குத் தலையாய சான்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசிரியர்க்கு அந்நூல் ஓதிக் காட்டப்பெற்றதென்பது அப்பாயிரத்தாற் போந்த செய்தி. இதனை விளக்குமிடத்து நச்சினார்க்கினியர் ஒரு வரலாறு கூறுவர். அகத்தியனார் தம் மாணாக்கர்பால் வெகுளி கொண்டு அவர் நூலைக் கேளற்க என்று அதங்கோட்டாசிரியரைத் தடுத்தனர். தொல்காப்பியனாரோ பலகாலும் சென்று கேட்டல் வேண்டுமென்று இரந்தனர். ஒருபால் ஆசிரியன் ஆணை, மற்றொருபால் நூல் செய்தான் வேண்டுகோள். இரண்டற்கும் இடையே நின்ற அதங்கோட்டாசிரியர், குற்றங்கூறி விடுப்பல் என்னும் கருத்தினராய்க் கடாவினார். கடாவியவற்றிற்கெல்லாம் விடை வந்தமையான் நூல் நிலைபெற்றது. குற்றங் காண்டற்கென்றே அமர்ந்தவரும் விடை நேரியதாயின் ஏற்றே தீர்தல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் உயிர்.

இத்தகைய அவையத்திற்கு உரியவர் யாவர்? தொல்காப்பியனார் புறத்திணையியலில் வாகைப்பகுதியுள் எண்வகை நுதலிய அவையத்தை ஓதினார். அவ்வெட்டனையும் குடிப்பிறப்பு, கல்வி, ஒழுக்கம், வாய்மை, தூய்மை, நடுவுநிலைமை, அழுக்காறாமை, அவாவின்மை என உரையாசிரியர் வகுத்துக் காட்டுவர். எட்டனுள் கல்வி ஒன்றே என்பது கருதத்தக்கது. ஒழுக்கமும் வாய்மையும் முதலாயின நெஞ்சத்தின்பாற் பட்டன. கல்வி நிறைந்தும் அழுக்காறுடையான் பிறனது நூலின் நலத்தைக் காணான். அவாவுடையான் கண்டும் கூறான். ஆதலின் அறிவோடு ஒப்ப நெஞ்சத் தூய்மையையும் அவையத்தார்க்கு இலக்கணமாக்கினர் முன்னோர். அவையின் வெற்றியை வாகையுள் வைத்தமையும் நோக்கற்பாலது. அது படைக்கலத்தால் எய்தும் வெற்றியன்று. நடுவுநிலை பிறழாமையால் எய்தும் வெற்றி.

இனி, உரை வகுத்தலிலே போட்டி நிகழ்ந்த வரலாறொன்று இறையனார் அகப்பொருளுரையில் உளது. பாண்டி நாட்டைப் பன்னீரியாண்டு வற்கடம் வருத்தியது. புலவர் பிறநாடு சென்றனர். மழை பெய்து நாடு செழித்தபின் அரசன் அவரை வருவிப்ப, எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் போந்தனர். பொருளதிகாரம் வல்லாரைப் பெற்றிலன். அவன் கவலை நீங்க ஆலவாயில் அவிர்சடைக் கடவுள் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின்கீழ் இட்டருளினார். சங்கத்தார் நாற்பத்தொன்பதின்மரும் அதற்கு உரை கண்டு, தத்தம் உரையே மெய்யுரை என்று மலைந்தனர்.

தீர்ப்பார் யார் என்பதே பெருவினாவாயிற்று. உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன், ஐயாட்டைப் பருவத்தான், பேச்சற்ற மூங்கைப்பிள்ளை, அவனே காரணிகன் என்று தெய்வக் குரல் எழுந்தது. அப்பிள்ளையை உயர்ந்த ஆசனத்திருத்தி, நாற்பத்தொன்பதின்மரும் ஒருவர்பின் ஒருவராய்த் தம் உரையை வாசித்தனர். பிள்ளை வாளாவிருந்தான். மதுரை மருதனிளநாகனார் வாசித்தபோது ஓரோவிடங்களில் கண்ணீர் வார்ந்தது, மெய் சிலிர்த்தது. நக்கீரனார் வாசித்தபோது சொற்றோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் நிமிர்ந்தது. மெய்யுரை பெற்றோம் என்று அவையம் ஆரவாரித்தது.

இக்கதையின் வரலாற்றுண்மையை ஆராய்வார் சில கருதுதல் வேண்டும். அவ்வுரை நக்கீரர் வழியாகப் பத்துத் தலைமுறை செவிவழி வந்து முசிறி நீலகண்டனாரால் உரைக்கப்பெற்றதென்று அவ்வுரையே கூறும். பாண்டிக்கோவைச் செய்யுட்கள் அதன்கண் மேற்கோளாதலின், இன்றுள்ள வடிவம் கி. பி. ஏழாம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் செல்லாது. ஆகவே கடைச்சங்கத்து நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்றாக இதனைக் கொள்ளுதல் அரிது. எனினும் அவ்வுரை எழுந்த காலத்துத் தமிழ்ச் சான்றோர் கேட்டலை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. வாதஞ் செய்யும் நாவுடையார் நாற்பத்தொன்பதின்மர். அவர்க்கு நடுவர் நாவே இல்லாப் பிள்ளை. தன் உரையென ஒன்று இல்லாதவன், ஒருபாற் சாய்தற்குக் காரணமில்லாதவன், கேட்ட பொருள் நெஞ்சிற் புக்கவிடத்து உருகுதலன்றிப் பிறிதொன்றும் அறியாதவன். அழுக்காறாமை, அவாவின்மை, நடுவுநிலைமை என்னும் மூன்றும் ஒருங்கு திரண்ட வடிவமே உருத்திரசன்மன் எனலாம்.

தருமிக்குப் பொற்கிழி அளித்த திருவிளையாடல் அவையத்தின் உரிமையைப் பின்னும் உயர்த்திக் காட்டும். குறுந்தொகையின் இரண்டாம் செய்யுள் இறையனார் பெயரால் நிற்பது. சங்கத்திற் புலவராய் வந்து தருமிக்குக் கிழி அருளிய செய்தியைத் திருநாவுக்கரசர் திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்துட் குறித்தருளினார். ஆதலின் ஏழாம் நூற்றாண்டிலேயே இக்கதை நாடறிந்ததாயிற்று. பின்னர்ப் பெரும்பற்றப்புலியூர் நம்பியும் பரஞ்சோதி முனிவரும் இதனை விரித்துப் பாடினர். பாட்டைச் செய்தவர் இறைவரேயாயினும் பாட்டுக்கு எழுந்த தடைக்கு விடை கூற அவையத்திற்குத் தாமே எழுந்தருளினார் என்பது இதன் திரண்ட பொருள். நக்கீரர் பிழைத்தது, விடை கூறிய பின்னும் உண்மை நோக்காது தம் கொள்கையைச் சாதித்தமையால், வினாவியமையால் அன்று. வினாவுதல் அவையத்தார் உரிமை. விடையை ஓர்ந்து ஏற்றல் அவர் கடன்.

திருத்தொண்டர் புராண அரங்கேற்றம் இம்மரபின் மற்றொரு முகம். உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் சேக்கிழார் புராணம் அதனை விரிவாகக் கூறும். அநபாய சோழன் சீவகசிந்தாமணியிற் பெரிதும் தோய்ந்திருந்தமை கண்டு, சிவனடியார் வரலாற்றை அவனுக்கு உணர்த்தினார் சேக்கிழார். பின்னர்த் தில்லையில் ஆயிரக்கான் மண்டபத்திருந்து நூலை முற்றுவித்தார். அதன் விரிவுரை சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்தியது. அரசனும் மடாதிபதிகளும் அடியாரும் ஓராண்டு முழுவதும் கேட்டனர். முடிவில் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி, மன்னன் தானே பின்னிருந்து கவரி வீசினான் என்ப. அந்நூல் பன்னிரண்டாந் திருமுறையாயிற்று. அநபாயன் என்பது இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. ஒரு நூலைக் கேட்டற்கு ஓராண்டு தந்த அவையம் எத்துணைப் பொறுமையுடைத்தாயிருத்தல் வேண்டும்!

கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றியபோது, முதற்செய்யுளின் முதற்சொல்லிலேயே தடை எழுந்ததென்பது வழிவழிச் செய்தி. ழகரத்தின்முன் தகரம் வர இரண்டும் கெட்டு டகரமாதற்கு விதி யாதென்று வினாவினர் அவையத்தார். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் அதற்கு விதி காணப்படவில்லை. அன்று அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து விதி காட்ட, தடை நீங்கியது. வந்தவர் முருகப்பெருமானே என்பர். வீரசோழியம் வீரராசேந்திர சோழன் காலத்திற் புத்தமித்திரனார் செய்த இலக்கணம்; அவர் பௌத்தர். முருகன் திருக்கோயிலில், முருகன் புராணத்திற்கு, பௌத்தர் ஒருவர் இயற்றிய விதி சான்றாயிற்று. அவையமும் அதனை மறுத்திலது. சமயம் வேறாயினும் மெய் மெய்யே என்னும் இவ்வொழுக்கம் எக்காலத்தார்க்கும் கைக்கொள்ளற்பாலது.

சாத்திர நூலாகிய சங்கற்ப நிராகரணமோ அவையத்தையே தன் அமைப்பாகக் கொண்டது. சகாப்தம் 1235, அஃதாவது கி. பி. 1313, என்று தன் காலத்தைத் தானே கூறும் அந்நூலுள், மாயாவாதியை ஐக்கியவாதி மறுப்பன். ஐக்கியவாதியைப் பாடாணவாதி மறுப்பன். இவ்வாறே ஒருவர் கொள்கையை அடுத்தவர் மறுத்துச் செல்ல, முடிவிற் சித்தாந்தம் நிலைபெறும். பிறர் கொள்கை முதற்கண் முழுதும் கூறப்பெறுதலும், பின்னரே மறுக்கப்பெறுதலும் உமாபதி சிவாசாரியார் காட்டிய நெறி. கேளாது மறுத்தல் அந்நெறிக்கு மாறானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை இயற்றி, அவ்வத் தலத்தார் முன்னிலையிலே அரங்கேற்றினர். நாடோறும் சில செய்யுட்களை மாணாக்கர் படிப்ப, ஆசிரியர் பொருளுரைப்பர். கற்றார் மட்டுமன்றி ஊராரும் கேட்டு மகிழ்வர். இவற்றின் இயல்பை அவர் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் (1855–1942) விரித்தெழுதியுள்ளார். ஆறுமுக நாவலர் (1822–1879) 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய சைவப் பிரசங்கமும் கேட்போரை நாடிச் சென்ற முயற்சியே.

அச்சு வந்தபின் நிலை மாறிற்று. ஓர் ஊரில் ஓராண்டு கேட்கப்பட்ட நூல் ஒருங்கே பல ஊர்க்கும் சென்றது, இது பெருநன்மை. எனினும் வினாவும் விடையும் நேரில் நிகழாமல் துண்டு வெளியீடுகளாகவும் மறுப்பு நூல்களாகவும் பறந்தன. திருவருட்பா 1867-இல் அச்சேறியபின் எழுந்த பூசல் கண்டனங்களாற் பெருகியது. அதன் ஒரு கூறு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தை எட்டியது. இருதரத்தாரும் சிவநேயச் செல்வரே. எண்வகை நுதலிய அவையம் தீர்த்தற்குரியதை, சமயமும் தமிழும் அறியாத வழக்குமன்றின்முன் வைத்தமை வருந்தத்தக்கது.

இக்குறையை நிரப்புவனவாகவே சங்கங்களும் சபைகளும் தோன்றின. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். அது ‘செந்தமிழ்’ இதழை நடத்தியதோடு பண்டிதத் தேர்வுகளையும் வகுத்தது. 1905-இல் சைவசித்தாந்த மகாசமாஜமும், 1911-இல் கரந்தைத் தமிழ்ச்சங்கமும் எழுந்தன. ஆண்டுவிழாக்களிற் புலவரும் அடியாரும் ஒருங்கிருந்து கேட்டனர். தேர்வாலும் பரிசிலாலும் இளைஞர் நூற்பயிற்சியிற் புகுந்தனர். பண்டைக் களம் புதுவடிவிற் கிடைத்தது.

எனினும் மேடையும் பரிசிலும் அவையத்தின் உடம்பே. அதன் உயிர் முன்னர்க் கூறிய எண்குணம். அவையின்றிச் சொல்வோர் பெருகின் நூல்கள் பலவாகும், நூலாவன சிலவே. அழுக்காறின்றி வினாவுவாரும், அவாவின்றி ஏற்பாரும், பிறர் கொள்கையை முழுதும் கேட்டு மறுப்பாரும் உள்ள துணையும் தமிழும் சைவமும் தளர்தல் இல்லை. ஆலவாய்ப் பெருமான் தம் பாட்டிற்கு விடை கூறத் தாமே வந்த அவையம் அது; அதன்கண் அமர்வார், அத்திருமுன் அமர்கின்றாம் என்னும் உணர்வோடு அமர்தல் கடன்.