கூரத்துச் செப்பேடும் சுண்ணாம்புக் கணக்கும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிய செப்பேடுகளால் வரலாற்றில் நிலைபெற்ற ஊராகும். சிவன் கோயில், பரமேசுவர தடாகம் என்னும் ஏரி, அதற்கு நீர் கொணரப் பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்னும் கால்வாய், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு உரிய பங்கு ஆகியவற்றை நுணுக்கமாகப் பதிவுசெய்யும் அச்செப்பேடுகள், அக்காலக் கட்டடங்களைப் பிணைத்த சுண்ணாம்புக் காரையின் கலவை அளவைக் கூறுவதில்லை.

அக்காரை அன்று பெருவழக்காக இருந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிக் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டு பெருமையுடன் அறிவிப்பதிலிருந்தே, ஏனைய கோயில்கள் அவற்றைக் கொண்டு எழுந்தன என்பது விளங்கும். பரமேசுவரவர்மனின் மகன் இராசசிம்மன் எழுப்பிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் மணற்கற் சுவர்களில் சுண்ணப் பூச்சும் ஓவியமும் இன்றும் எஞ்சியுள்ளன. உத்திரமேரூர்ச் சுந்தரவரதப் பெருமாள் கோயிலோ கருங்கல் அடித்தளத்தின் மேல் செங்கல்லாலும் சுதையாலும் உயர்ந்தது.

கிளிஞ்சலையும் சுக்கான் கல்லையும் விறகுடனோ கரியுடனோ அடுக்கிக் காளவாயில் சுடுவதே சுண்ணாம்புத் தொழிலின் முதற்படியாகும். இவற்றின் முதன்மைப் பொருளான கால்சியம் கார்பனேட் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதைகிறது; இவ்வாறு வெப்பத்தால் ஒரு சேர்மம் பிரிவது வெப்பச் சிதைவு எனப்படும். தூய கார்பனேட் 100 கிலோவிலிருந்து 44 கிலோ வளியாக வெளியேற, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அது 18 கிலோ நீரை ஏற்று 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. மணலுடன் அரைத்துச் சுவரில் ஏற்றிய பின், அச்சுண்ணாம்பு காற்றிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஈர்த்து, 18 கிலோ நீரை விடுத்து, மீண்டும் 100 கிலோ கார்பனேட்டாக இறுகுகிறது.

சுடும்போது இழக்கப்படும் எடை கல்லிலிருந்து வெளியேறும் வளியின் எடையே என்பதை எடின்பரோவின் சோசப் பிளாக் தராசின் துணையால் நிறுவி 1756இல் வெளியிட்டார். வினையில் ஈடுபடும் பொருள்களுக்கிடையே நிலைத்த எடை விகிதம் உண்டு என்னும் கருத்தை 1792இல் செருமானியரான ரிக்டர் தனித்துறையாக வகுத்தார்; அதுவே வேதிவினைக்கூறு விகிதவியல் ஆகும். பள்ளி ஆய்வகங்களில் இவ்விதியைக் காட்டச் சமையல் சோடா ஏற்றது. ஏனெனில், சோடியம் பைகார்பனேட் ஆகிய அது 200 பாகைக்குள்ளேயே சிதைந்து, 168 கிராமிலிருந்து 106 கிராம் சோடியம் கார்பனேட்டை எஞ்சவிட்டு, 18 கிராம் நீராவியையும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது.

இதே கணக்கு பழங்காரையை ஆராயவும் உதவுகிறது. காரைத் துணுக்கொன்றைப் படிப்படியாகச் சூடாக்கி எடையிழப்பை அளக்கும்போது, 10 கிராமில் 1.1 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறினால், அதில் 2.5 கிராம் கால்சியம் கார்பனேட் இருந்தது என்றும், அதற்காகக் கொத்தர் இட்ட சுட்ட சுண்ணாம்பு 1.4 கிராம் என்றும் பின்னோக்கிக் கணிக்கலாம். மணலிலேயே கிளிஞ்சல் துகள் கலந்திருந்தால் இக்கணக்குப் பிழைபடும் ஆதலின், நுண்ணோக்கி ஆய்வும் உடன் வேண்டப்படுகிறது.

மன்னர் பெயரும் நிலத்தின் எல்லையும் செப்பேட்டில் பொறிக்கப்பட்டன. சுண்ணாம்பு சுட்டவரின் அளவறிவோ காரையில் மட்டுமே பதிந்துள்ளது. ஆகவே பழங்கோயில்களின் காரையைப் பெயர்த்துச் சிமெண்டு பூசுவது அழகுக் கேடு மட்டுமன்று, படிக்கப்படாத ஆவணத்தை அழிப்பதும் ஆகும். திருப்பணிக்கு முன் காரை மாதிரியை எடுத்து ஆய்ந்து, அதே விகிதத்தில் புதுக்காரை சேர்ப்பதே அத்தொழிலாளரின் அறிவுக்குச் செய்யத்தக்க நன்றியாகும்.