சட்டப் பாட வினாவும் சவுதார் குளத்து வழக்கும்

கல்வி என்பது ஏட்டில் உள்ளதை மனத்தில் ஏற்றிக்கொள்வது மட்டுமன்று; ஏற்றியதை வேண்டிய இடத்தில், வேண்டிய முறையில் எடுத்துரைப்பதும் கல்வியின் பாற்பட்டதே. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் மாணவச் செல்வங்களுக்குப் பெரிதும் பயன்படத்தக்க ஒரு பொருளை வரலாற்றின் துணைகொண்டு ஆராய விழைகின்றோம். பள்ளி வகுப்புகளில் சட்டம் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும் முறையே அப்பொருளாகும்.

இன்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேல்நிலை வகுப்புகளில் சட்டக் கல்வி தனியொரு விருப்பப் பாடமாக உள்ளது. மாநிலப் பாடத்திட்டத்தில் பயில்வோரும் அரசியலமைப்பையும் அடிப்படை உரிமைகளையும் குடிமையியலில் கற்கின்றனர். இப்பாடங்களில் விடை எழுதும் மாணவர்களுள் ஒரு சாரார் பிரிவு எண்களை மனப்பாடம் செய்து, வினா எதுவாயினும் அவற்றை வரிசையாக அடுக்கி விடுகின்றனர். மற்றொரு சாரார் தீண்டாமை பற்றிய வினாவைக் கண்டவுடன், நெஞ்சில் உள்ள வேதனை முழுவதையும் தாளில் கொட்டி விடுகின்றனர். அவ்வேதனை நியாயமானதே. ஆயினும், வினாவுக்கு விடை அதுவாகிவிடாது. முன்னவரின் விடையில் நிகழ்ச்சியைக் காணோம். பின்னவரின் விடையில் சட்டத்தைக் காணோம். இரண்டும் இணையும்போதே சட்ட விடை பிறக்கின்றது.

அவ்வாறு இணைப்பது எங்ஙனம் என்பதை அறிய நாம் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் எதிர்வாதியாக நின்று பத்தாண்டுக் காலம் நடத்திய சவுதார் குளத்து வழக்கே அதற்குச் சிறந்த பாடமாகும்.

குளமும் வழக்கும்

மராட்டிய மாநிலத்தின் கொங்கணப் பகுதியில் உள்ளது மகாத் என்னும் ஊர். அங்குள்ள சவுதார் குளத்தில் சாதி இந்துக்கள் நீர் எடுத்தனர், இசுலாமியரும் எடுத்தனர், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்கள் மட்டும் எடுக்க இயலவில்லை. 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், பள்ளிகள், அலுவலகங்கள் ஆகியவற்றை ஒதுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. அதனையொட்டி 1924-இல் மகாத் நகராட்சியும் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஆனால், தீர்மானம் தாளிலேயே தங்கிவிட்டது.

அதே 1924-ஆம் ஆண்டில் நம் சென்னைச் சட்டமன்றத்திலும் இத்தகைய தீர்மானம் ஒன்று நிறைவேறியதை நாம் மறத்தலாகாது. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவரும் நடக்கலாம், பொது அலுவலகங்களையும் கிணறுகளையும் குளங்களையும் நம் மக்களும் பயன்படுத்தலாம் என்னும் அத்தீர்மானத்தைக் கொண்டுவந்த பெருமகனார் இரட்டைமலை சீனிவாசன் ஆவார்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சவுதார் குளத்திற்கு அணிவகுத்துச் சென்று நீர் அருந்தினர். அன்றே அவர்கள் தாக்கப்பட்டனர். பின்னர்க் குளம் தீட்டுப்பட்டதெனக் கூறிச் சடங்கு செய்து அதனைத் 'தூய்மைப்படுத்தினர்'. நகராட்சியும் தன் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் அறப்போர் நடத்த அண்ணல் நாள் குறித்தார். அதற்குச் சில நாட்கள் முன்னதாகச் சாதி இந்துக்கள் சிலர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டு, இடைக்காலத் தடையுத்தரவும் பெற்றனர். மாநாட்டுக்கு மக்கள் திரண்டு வந்திருந்தும், அண்ணல் அத்தடையுத்தரவை மதித்து, குளத்திற்குச் செல்வதை ஒத்திவைத்தார். வழக்கை வழக்குமன்றத்திலேயே வெல்வது என்பது அவர் மேற்கொண்ட முடிவு.

நீதிமன்றம் எழுப்பிய வினா

வழக்கிட்டோர் கூறியவை இரண்டு. குளம் தங்களுக்குரிய தனிச் சொத்து என்பது ஒன்று. தீண்டத்தகாதோர் அதில் நீர் எடுப்பதில்லை என்பது தொன்றுதொட்டு வரும் வழக்காறு என்பது மற்றொன்று.

1931-இல் முதல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளம் நகராட்சிக்குரியது என்று அது கண்டது. நெடுநாளாக நம் மக்கள் அக்குளத்தைப் பயன்படுத்தவில்லை என்பதை அந்நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும், ஒரு சாரார் பயன்படுத்தி வந்ததாலும் மறு சாரார் பயன்படுத்தாது இருந்ததாலும் மட்டுமே முன்னவர்க்கு உரிமை பிறந்துவிடாது. பின்னவரின் உரிமை அழிந்தும் விடாது எனக் கூறி வழக்கைத் தள்ளியது.

மேல்முறையீடுகளுக்குப் பின், 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. அப்போது எஞ்சி நின்ற வினா ஒன்றே. வழக்கிட்டோர் கூறும் வழக்காறு, நினைவுக்கெட்டாத காலந்தொட்டு நிலவி வருவது என மெய்ப்பிக்கப்பட்டதா? வழக்காறு சட்டத்தின் வலிமை பெற வேண்டுமாயின் அது மிகத் தொன்மையானதாயும், உறுதியானதாயும், நியாயத்திற்கு முரண்படாததாயும் இருத்தல் வேண்டும் என்பது விதி. சாட்சிகள் தம் வாழ்நாள் நினைவைக் கூறினரேயன்றித் தொன்மையை மெய்ப்பிக்கவில்லை. ஆகவே வழக்கிட்டோர் தோற்றனர், அண்ணல் வென்றார்.

இத்தீர்ப்பின் அமைப்பை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். நிகழ்ச்சி என்ன, அதிலிருந்து எழும் வினா என்ன, அவ்வினாவுக்குரிய விதி என்ன, விதி நிகழ்ச்சிக்கு எவ்வாறு பொருந்துகின்றது, முடிவு என்ன என ஐந்து படிகள் அதில் உள்ளன. நல்லதொரு தேர்வு விடையின் அமைப்பும் இதுவே. குளத்து நீரைத் தொடும் உரிமை நமக்குக் கிடைத்தது கண்ணீரால் மட்டுமன்று. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைச் சரியாக அறிந்து வாதிட்டதாலும் கிடைத்தது.

விடுபட்ட விடை

ஆயினும் அத்தீர்ப்பு ஒன்றைக் கூறாது விட்டது. அத்தகைய வழக்காறு மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அது நியாயமானதா, பொதுநலக் கொள்கைக்கு முரணானதா என்பதை ஆராயும் தேவை தங்களுக்கு எழவில்லை என்றே நீதிபதிகள் அமைந்தனர். தம்முன் உள்ள வினாவுக்கு மட்டுமே விடை கூறினர். அப்படியாயின், நூறு தலைமுறை நிலவிய வழக்காறு என மெய்ப்பித்துவிட்டால் மனிதனை மனிதன் ஒதுக்கலாமா? இவ்வினாவுக்கு விடையளிக்கும் பணி சட்டமியற்றுவோரிடம் வந்து சேர்ந்தது.

1938-இல் பெருந்தலைவர் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பொதுச் சாலை, கிணறு, ஊர்தி முதலியவற்றில் நம் மக்களைத் தடுப்பதை அச்சட்டம் குற்றமாக்கியது. மேலும், இத்தகைய ஒதுக்கலை வழக்காறு என்று கூறி வரும் எவர்க்கும் நீதிமன்றம் துணைநிற்றல் கூடாது எனவும் விதித்தது. 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் தண்டனை இல்லை. 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டனை உண்டு. இவ்வேறுபாட்டை ஒரு வரியில் எழுதத் தெரிந்த மாணவன், தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவனாவான்.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றுக்கொண்டது. அதுவே அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு. 13-ஆவது பிரிவோ, அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது எனக் கூறி, சட்டம் என்னும் சொல்லில் வழக்காற்றையும் அடக்கியது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்பது 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. 1937-இல் விடுபட்ட விடை, 1950 ஜனவரி 26 முதல் நாட்டின் அடிப்படைச் சட்டமாயிற்று.

தேர்வறையில்

இனி ஒரு மாதிரி வினாவைக் காண்போம். 'ஓர் ஊரில் ஊராட்சிக் குழாயில் நீர் பிடிக்கச் சென்ற பட்டியல் சாதிப் பெண்ணை, அவர் சாதியைக் கூறிச் சிலர் தடுத்தனர். அவருக்குரிய சட்டப் பாதுகாப்பை விளக்குக.'

முதற்கண் வினாவை அடையாளம் காணுக. பொது நீர்நிலையைப் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் காரணமாகத் தடுத்தது குற்றமா என்பதே வினா. அடுத்து, சட்டத்தைக் கூறுக. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கின்றது. ஆனால் தண்டனையின் அளவு அப்பிரிவில் இல்லை. 35-ஆவது பிரிவின்படி அத்தண்டனையை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். அவ்வாறு 1955-இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. அதன் 4-ஆவது பிரிவு ஆறு, கிணறு, குளம், குழாய் ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாது தடுப்போர்க்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இதே செயலைச் சேர்த்தது. தடுத்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராதவராயின், அச்சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு.

பின்னர்ப் பொருத்திக் காட்டுக. குழாய் ஊராட்சியுடையது, ஆகவே பொதுவானது. சாதியைக் கூறித் தடுத்தனர், ஆகவே காரணம் வெளிப்படை. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினர்க்கு எதிராகச் செய்யப்பட்ட இத்தகைய செயல், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, தீண்டாமையின் காரணமாகச் செய்யப்பட்டதாகவே நீதிமன்றம் கொள்ளும். மகாத் வழக்கில் மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்கிட்டோர் மீது இருந்தது நமக்குத் துணையாயிற்று. இங்குச் சட்டமே அத்துணையை வகுத்துத் தந்துள்ளது.

முன்தீர்ப்பு ஒன்றைச் சுட்டினால் விடை வலுப்பெறும். கர்நாடக அரசுக்கும் அப்பா பாலு இங்களேவுக்கும் இடையிலான வழக்கில், புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் நீர் எடுக்கவிடாமல் நம் மக்களைச் சிலர் மிரட்டித் தடுத்தனர். விசாரணை நீதிமன்றம் தண்டித்தது; உயர்நீதிமன்றம் விடுவித்தது; உச்சநீதிமன்றமோ மீண்டும் தண்டனையை நிலைநாட்டியது. இத்தீர்ப்பு 1993-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இறுதியாக, 'ஆகவே அச்செயல் குற்றமாகும்' என ஐயமின்றி முடிவு கூறுக.

ஆராய்க என்னும் வினா

வினாவின் ஏவற்சொல்லை உற்றுநோக்குதல் இன்றியமையாதது. 'கூறுக' என்றால் சுருங்கச் சொல்லுதல் போதும். 'விளக்குக' என்றால் காரணமும் எடுத்துக்காட்டும் வேண்டும். 'ஆராய்க' என்றால் இருபுறமும் சீர்தூக்கி ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும்.

'சட்டத்தால் மட்டும் தீண்டாமையை ஒழிக்க இயலுமா? ஆராய்க' என்பது அடிக்கடி எழக்கூடிய வினா. இயலாது என்று முழங்கி முடித்தலும், இயலும் என்று புகழ்ந்து முடித்தலும் ஆராய்ச்சியாகா. சட்டத்தின் பக்கம் 1924, 1938, 1950, 1955, 1976, 1989, 2015 எனப் படிப்படியான வளர்ச்சியைக் காட்டலாம். மறுபக்கம், நகராட்சித் தீர்மானம் இருந்தும் மகாத்தில் மக்கள் தாக்கப்பட்டதையும், ஒரு குளத்து வழக்கு முடியப் பத்தாண்டு சென்றதையும் காட்டலாம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் விடுத்த எச்சரிக்கையையும் நினைவுகூரலாம். அரசியலில் சமத்துவமும், சமுதாய, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நாடு நுழைகின்றது என அவர் அன்று எடுத்துரைத்தார். சட்டம் இன்றியமையாதது, ஆனால் அதனை எடுத்தாள அறிந்த மக்கள் இல்லையேல் அது பயன் தராது என்னும் முடிவு இச்சான்றுகளிலிருந்து தானே பெறப்படும்.

மதிப்பெண்ணுக்கு அப்பால்

இளைஞர்களே! இம்முறை தேர்வோடு முடிந்துவிடுவதன்று. நாளை நம் ஊரில் ஒருவர்க்குத் தீங்கு நேருமாயின், காவல் நிலையத்திற்குப் புகார் எழுத உங்களையே அழைப்பர். எந்நாள், எவ்விடம், யார், என்ன சொல்லி, என்ன செய்தனர், கண்டவர் யார் என்பவற்றை ஒழுங்காக எழுதத் தெரிதல் வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறினும், காவல் அலுவலர் அதனை எழுதி, படித்துக்காட்டி, பின்னரே கையொப்பம் பெற்று, படி ஒன்றும் தர வேண்டும் என்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் விதிக்கும் கடமை. இக்கடமையை நிறைவேற்றுமாறு கேட்கவும் ஒருவர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ?

நம் முன்னோருக்குப் பள்ளி வாயிலே அடைபட்டிருந்தது. அவ்வாயிலைத் திறக்கப் போராடியவர்கள் மனு எழுதினர், தீர்மானம் கொண்டுவந்தனர், வழக்காடினர். அவர்கள் கேட்டு வாங்கிய ஒவ்வொரு சட்டமும் இன்று உங்கள் பாடநூலில் ஒரு வரியாக அமர்ந்திருக்கின்றது. அவ்வரியின் பின்னுள்ள வரலாற்றை அறிந்து, வினாவை அறிந்து, சான்றோடு விடை எழுதுங்கள். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் ஆற்றிய பணிக்கு நீங்கள் செலுத்தத்தக்க நன்றி அதுவே ஆகும்.