சர்க்கரைக்குள் ஒரு கணக்கு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு டி.என்.ஏ.வில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தியச் சர்க்கரைத் தொழிலைப் பற்றிப் பேசினால் 1932-ல் வந்த பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்வார்கள். ஜாவா சர்க்கரைக்கு வரி போட்டார்கள், இங்கே ஆலைகள் பெருகின. சரிதான். ஆனால் ஆலை ஓட நல்ல கரும்பு வேண்டாமா? அந்தக் கரும்பு பிறந்தது நம் கோயம்புத்தூரில்!

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். டி.என்.ஏ. என்பது முறுக்கிய நூலேணி போன்ற ஒரு நீண்ட இழை. நான்கே வகை எழுத்துகளில் உயிரின் குறிப்புகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் ஒரு குறிப்பு உள்ள பகுதிதான் மரபணு. இந்த இழை புரதங்களின் மேல் சுற்றிச் சுருண்டிருக்கும் கட்டுதான் குரோமோசோம். எங்கள் பாஷையில் சொன்னால் குரோமோசோம் ஒரு பேரேடு, மரபணு அதில் ஒரு பதிவு. மனிதனுக்கு 46 பேரேடுகள். பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து.

இனி கரும்புக்கு வருவோம். நூறு வருடங்களுக்கு முன் வட இந்திய வயல்களில் இருந்தது ஒல்லிக் கரும்பு. பொங்கலுக்கு எங்கள் அரிமளம் கடைவீதியில் வந்து இறங்குகிறதே, அதுபோன்ற தடித்த கரும்பில் சாறு அதிகம். ஆனால் வடக்கத்திக் குளிரை அது தாங்காது. கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் ஊர் என்பதால் 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை, யாரும் மதிக்காத காட்டு நாணலோடு கலந்தார்கள். பிறந்தது கோ 205. 1918-ல் வெளிவந்து வடக்கே நன்றாக விளைந்தது.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே நடந்த கணக்கு அப்போது யாருக்கும் தெரியாது. தடித்த கரும்பில் 80 குரோமோசோம், கோவை நாணலில் 64. பாதிப் பாதி என்றால் 40-ம் 32-ம் சேர்ந்து 72 வர வேண்டும். ஆனால் இப்படிப் பிறக்கும் கலப்பில் 112 இருக்கும்! தாய்க் கரும்பு தன் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறது. ஜாவாவில் பணியாற்றிய பிரெமர் என்ற டச்சு விஞ்ஞானி 1920-களில் எண்ணிக் கண்டுபிடித்த உண்மை இது. இனிப்பு முழுசாகத் தாயிடமிருந்து, தாங்கும் சக்தி நாணலிடமிருந்து!

1934-ல் இந்த நிலையத்துக்கு வந்தார் ஈ.கே. ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்து, குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணினார். டி.என்.ஏ.வின் வடிவம் தெரிய வந்ததே 1953-ல்தான். மனிதனுக்கு 46 என்று உறுதியானது 1956-ல்! 1939-ல் வெளிநாடு போனவர், இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். 1977-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1984-ல் சென்னை அருகே மதுரவாயலில் காலமானார். நம் பாடப்புத்தகங்களில் வாட்சன், கிரிக் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

கரும்பின் மரபணுத் தொகுதி மிகவும் சிக்கலானது. ஒரு நவீன ரகத்தை விரிவாகப் படித்து வெளியிட 2024 வரை ஆனது. இன்றைய ரகங்களில் குரோமோசோம்கள் சுமார் நூறுக்கு மேல். அவற்றில் பத்துக்கு ஒன்றிரண்டு பங்கு நாணலின் சொத்து.

ஆற்றங்கரை நாணலை வேண்டாத புல் என்று அழித்துவிடுகிறோம். நாளை ஒரு புதிய நோயோ வறட்சியோ வந்தால் அதைத் தாங்கும் பதிவு அந்தப் பேரேட்டில்தான் இருக்கலாம். அசல் தொலைந்தால் நகல் எடுக்க முடியாது நண்பர்களே. காபிக்குச் சர்க்கரை போடும்போது அந்தப் புல்லையும், எண்ணிக்கொண்டே இருந்த ஜானகி அம்மாளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.