எஃகுப் பூச்சின் ஒட்டுதிறன்: சிதைக்காச் சோதனைகள்

எஃகின்மேல் இட்ட பூச்சு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை, அதைக் கீறாமலும் பெயர்க்காமலும் அறிய முயலும் முறைகள் இவை. பெரும்பாலானவை பூச்சு விட்டுப்போன இடத்தைத்தான் காட்டும்; பிடிப்பின் வலிமையை அளப்பதில்லை.

மிகப் பழையது தட்டிக் கேட்பது. பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோல, பிடித்த இடம் கணீரென்றும் விட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும். விட்ட இடத்தில் விறைப்பு குறைவதால் தட்டின் விசை சற்றுக் கூடுதல் நேரம் நீடிக்கிறது என்று காலி, ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1988இல் விளக்கினர்.

விரிவான பதிவுகள் பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவை வார்த்த பேரிங்குகளைப் பற்றியவை. ஐசக் பாபிட் 1839இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்; அது பேரிங்கின் அமைப்புக்கே உரியது, கலவைக்கன்று என்பாரும் உண்டு. பட்டறைகளில் பேரிங்கை எண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, விளிம்பில் சுண்ணப்பொடி பூசுவார்கள். பிடிப்பு விட்டிருந்தால் இடுக்கில் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கறையாகும். கருவி ஏதும் வேண்டாத இந்த எளிய சோதனை விளிம்பைத் தாண்டி உள்ளே எதையும் சொல்லாது. அந்தக் குறையை மீயொலி தீர்த்தது. மீயொலி எதிரொலிக் கருவிக்கு ஃபயர்ஸ்டோன் என்பவர் 1942இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் ஸ்ப்ரௌலும் ஜெர்மனியில் டிராஸ்ட்டும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே வழியில் முயன்றதால், முதன்மை யாருக்கு என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. எஃகும் பாபிட்டும் நன்கு பிடித்திருந்தால் ஒலி வீச்சில் மூன்றில் ஒரு பங்கே திரும்பும். விட்டிருந்தால் முழுவதும் திரும்பும். 0.5 மி.மீ.க்குக் குறையாத உலோகப் படலத்துக்கு ஐ.எஸ்.ஓ. 4386-1 இம்முறையைத் தரப்படுத்தியது.

பெயிண்டில் மீயொலி முறை எடுபடுவது கடினம். எஃகிலிருந்து எபாக்சி பெயிண்டுக்குள் செல்லும் ஒலியில், பிடிப்பு நன்றாக இருந்தாலும் ஏறத்தாழ 88 விழுக்காடு வீச்சு திரும்பிவிடுகிறது. பூச்சோ 0.25 மி.மீ. போன்ற மெல்லியது, எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒட்டாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் பூச்சு இன்னும் ஏமாற்றும்.

வலிமையையே சோதிக்க 1978இல் வாசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் லேசர் துடிப்பை முன்வைத்தார். பின்புறத்தில் எழும் அழுத்த அலை பூச்சின் மேற்பரப்பில் இழுவிசையாகத் திரும்பி, பலவீனமான பிடிப்பைப் பிய்க்கும், வலுவானது தப்பும். இதைச் சிதைக்காச் சோதனை எனலாமா என்பது விவாதத்துக்குரியது.

அகச்சிவப்பு வெப்பப்படமும் டெராஹெர்ட்ஸ் அலையும் அண்மைக்கால முயற்சிகள்.

ஒப்பந்தப் பணிகளில் ஒட்டுதிறனுக்கு எண் கேட்டால், பூச்சின்மேல் உலோகக் குமிழை ஒட்டி இழுத்துப் பெயர்க்கும் ஐ.எஸ்.ஓ. 4624 சோதனையே இன்றும் செய்யப்படுகிறது. பெயர்ந்த இடத்தில் மீண்டும் பூச்சிட வேண்டும்.