எக்லன்டைன் ஜெப்: மார்ல்பரோ வகுப்பறையும் ஜெனீவா பிரகடனமும்

‘சேவ் த சில்ரன்’ அமைப்பை நிறுவிய எக்லன்டைன் ஜெப் (1876–1928) சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார் என்ற செய்தியை அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். அவருக்கு ஒத்துவராத தொழில் என்பதோடு அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. ஆனால் 1924இல் பன்னாட்டுச் சங்கம் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைப் பிரகடனம் எங்கிருந்து வளர்ந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், அந்த வகுப்பறையை விலக்கிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் வசதியான நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த ஜெப், ஆக்ஸ்ஃபோர்டின் லேடி மார்கரெட் ஹாலில் வரலாறு படித்தார். அவருடைய வகுப்பைச் சேர்ந்த பெண்கள் ஏழைக் குழந்தைகளுக்கான தொடக்கப்பள்ளியில் வேலைக்குப் போவது அன்று அரிது. அவர் ஸ்டாக்வெல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து பயின்று, மார்ல்பரோவில் புனித பீட்டர் பள்ளிக்குப் போனார். கற்பிப்பது தமக்குக் கைவரவில்லை என்பதை விரைவிலேயே உணர்ந்தார். உடல்நலமும் கெட, வேலையை விட்டார். ஆனால் வறுமை எவ்வளவு பரவலானது, அது பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை அவர் நாள்தோறும் நேரில் கண்டது அங்கேதான்.

அடுத்துக் குடியேறிய கேம்பிரிட்ஜில், கண்டதை ஆராய்ந்து எழுதும் பழக்கம் அவருக்கு வாய்த்தது. அறப்பணி அமைப்புகளோடு சேர்ந்து உழைத்தபடியே அந்நகரின் வீட்டுவசதி, வேலை, குடிப்பழக்கம், கல்வி ஆகியவற்றை ஆராய்ந்து 1906இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளியை விட்ட சிறுவர்களை எதிர்காலமுள்ள வேலையில் சேர்த்துவிடும் பதிவகப் பணியிலும் ஈடுபட்டார். 1913இல் பால்கன் போரால் அகதிகளானோருக்கு உதவி வழங்க மாசிடோனியா சென்றார்.

திருப்புமுனை 1919. முதல் உலகப் போர் நின்றும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீங்கவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் மெலிந்துகொண்டிருந்தனர். ஜெப்பின் தங்கை டாரதி பக்ஸ்டன் போர்க்காலத்தில் அயல்நாட்டுப் பத்திரிகைச் செய்திகளை மொழிபெயர்த்துக் ‘கேம்பிரிட்ஜ் மேகசின்’ இதழில் வெளியிட்டவர்; இந்த நிலைமை குடும்பத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சகோதரியர் இருவரும் பங்கேற்ற பஞ்ச எதிர்ப்புக் குழு அவ்வாண்டு ஜனவரியில் உருவானது. பட்டினியால் உடல் வற்றித் தலை மட்டும் பெரிதாகத் தெரியும் ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படத்தை அச்சிட்டு, இதற்குக் காரணம் நமது முற்றுகையே என்று கூறும் துண்டுப் பிரசுரத்தை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஜெப் வழங்கினார். தணிக்கை அனுமதி பெறாத பிரசுரம் என்பதால் கைதானார்.

மே மாதம் வழக்கு நடந்தது. தமக்காகத் தாமே வாதாடினார் ஜெப். சட்டப்படி தப்பில்லை என்று நிறுவுவதைவிட, அறத்தின் பக்கம் நின்று பேசுவதே அவர் நோக்கமாக இருந்தது. நீதிமன்றம் ஐந்து பவுண்டு அபராதம் விதித்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் சர் ஆர்ச்சிபால்ட் பாட்கின் அதே ஐந்து பவுண்டைத் தம் பையிலிருந்து கொடுத்தார். ‘சேவ் த சில்ரன்’ அமைப்பின் முதல் நன்கொடை என்று அது இன்றும் நினைக்கப்படுகிறது. தண்டனை வாங்கித் தந்தவரையே உதவ வைத்த அந்த வாதம், குழந்தைக்குப் பகைநாடு என்று ஒன்று இல்லை என்பதுதான். மே 19 அன்று ராயல் ஆல்பர்ட் அரங்கில் ‘சேவ் த சில்ரன்’ நிதி முறைப்படி தொடங்கப்பட்டது. ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்த ஜெப், கத்தோலிக்கத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் ஆதரவையும் பெற்றார். கத்தோலிக்க ஆலயங்களில் குழந்தைகளுக்காக நிதி திரட்டப்பட்டது. 1920 ஜனவரியில் ஜெனீவாவில் ‘சேவ் த சில்ரன்’ பன்னாட்டு ஒன்றியம் பிறந்தது.

1921இல் ரஷ்யப் பஞ்சம். செப்டம்பரில் ‘டோர்செல்லோ’ என்ற கப்பல் 600 டன் நிவாரணப் பொருள்களுடன் புறப்பட்டது. சராத்தோவ் பகுதியில் ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. உள்நாட்டிலேயே வேலையின்றி வாடுவோர் இருக்க அந்நியருக்கு ஏன் என்று லண்டன் பத்திரிகைகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜெப் முழுப்பக்க விளம்பரங்களாலும் பஞ்சக் காட்சிகளைப் படமாக்கித் திரையிட்டும் அதற்குப் பதில் சொன்னார். நன்கொடையாளரின் மனம் இளகும்வரை மட்டுமே கிடைக்கும் சோறு போதாது, குழந்தைக்கு அதன்மேல் உரிமை வேண்டும் என்ற எண்ணம் இந்த அலைக்கழிப்பில்தான் அவரிடம் உறுதிப்பட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

1923இல் அவர் முன்வைத்த பிரகடனம் ஐந்தே கூறுகள் கொண்டது. உடலும் உள்ளமும் இயல்பாக வளர வழி, பசிக்கு உணவு, நோய்க்கு மருத்துவம், பின்தங்கிய பிள்ளைக்கும் வழிதவறிய பிள்ளைக்கும் துணை, ஆதரவற்றோருக்கு அடைக்கலம், பிழைக்கத் தொழில், சுரண்டலிலிருந்து காப்பு. பின்தங்கிய பிள்ளை மார்ல்பரோவை நினைவூட்டுகிறது; தொழில், கேம்பிரிட்ஜ் பதிவகத்தை. தன் திறமை சகமனிதர்களின் பணிக்கே என்ற உணர்வோடு குழந்தை வளர்க்கப்பட வேண்டும் என்னும் ஐந்தாம் கூறில் ஓர் ஆசிரியரின் குரல் கேட்கிறது. 1924 செப்டம்பர் 26 அன்று பன்னாட்டுச் சங்கம் இதை ஜெனீவா பிரகடனமாக ஏற்றது. நான்கு ஆண்டுகளில், 52 வயதில், ஜெப் ஜெனீவாவில் காலமானார்.

ஐந்து கூறுகள் 1959இல் ஐ.நா. பிரகடனத்தில் பத்தாயின, 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் 54 பிரிவுகளாக விரிந்தன, இந்தியா 1992இல் அதில் இணைந்தது. இந்த வளர்ச்சியில் ஒன்று மட்டும் தேய்ந்துபோனது. துன்பக் காலத்தில் நிவாரணம் பெறும் முதல் ஆள் குழந்தையே என்று ஜெப்பின் மூன்றாம் கூறு நிபந்தனையின்றிச் சொன்னது. 1959இல் குழந்தை முதலில் உதவி பெறுவோருள் ஒருவராக ஆனது. 1989 உடன்படிக்கையில் அப்படியொரு தனிப்பிரிவே இல்லை.